காப்பகத்திலிருந்து வந்த நாய் வீட்டைப் படுத்தும்போது என்ன செய்வது

வந்த அன்றைக்குச் சுக்கு சோஃபாவுக்குப் பின்னால் போய்ப் படுத்தவள்தான், மறுநாள் சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. தண்ணீர்கூட நாங்கள் தூங்கிய பிறகுதான் குடித்தாள். எவ்வளவு சாது பாரேன் என்று எல்லாரும் உருகினோம். நான்காம் நாள் என் செருப்பு போனது. ஆறாம் நாள் அத்தையைப் பார்த்து உறுமினாள். ஒன்பதாம் நாள் சொந்தத்தில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு இரண்டே மணி நேரத்தில் திரும்பினால், வாசல் கதவின் அடிப்பகுதியை உள்ளே மரத்தூள் கொட்டும் அளவுக்குப் பிராண்டி வைத்திருக்கிறாள், தரையில் அங்கங்கே ரத்தம், ஒரு நகம் பெயர்ந்திருக்கிறது, கீழ்வீட்டுக்காரர் எங்கள் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறார்.

"சத்தமே போடாதுங்க, இருக்கிற இடம் தெரியாது" என்று காப்பகத்தில் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நூறு நாய் ஒன்றாகக் குரைக்கும் இடத்தில் ஒரு மூலையில் சுருண்டு கிடப்பது சாதுத்தனம் இல்லை, அது பயத்தில் அடங்கிப் போவது. வீட்டுக்கு வந்து, சோறு தினமும் வருகிறது, யாரும் அடிக்கவில்லை என்று கொஞ்சம் நம்பிக்கை வந்த பிறகுதான் உண்மையான நாய் வெளியே வருகிறது. அதனால்தான் முதல் வாரத்தைவிட இரண்டாம் மூன்றாம் வாரம் மோசமாக இருக்கும். நாய் வளர்ப்பவர்கள் மத்தியில் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் வீட்டு நடைமுறை பிடிபடும், மூன்று மாதத்தில் இது நம் வீடு என்ற எண்ணம் வரும். இது ஆராய்ச்சி முடிவெல்லாம் இல்லை, அனுபவக் கணக்குதான், சில நாய்க்கு ஒரு வருடமும் ஆகும். ஆனால் பத்தாம் நாள் "தப்புப் பண்ணிட்டோமோ" என்று பாத்ரூமில் உட்கார்ந்து அழும்போது இந்தக் கணக்கு கொஞ்சம் கைகொடுக்கும். நான் அழுதேன்.

ஒரு நோட்டு வாங்கி வையுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, இந்த மூன்றை மட்டும் எழுதுங்கள். "காரணமே இல்லாம கடிக்க வந்துச்சு" என்று நாம் சொல்வதற்கெல்லாம் காரணம் இந்த நோட்டில்தான் தெரியவரும்.

முதலில் டாக்டர், அப்புறம்தான் டிரெயினர்

சுக்கு காதுப் பக்கம் கை போனாலே பல்லைக் காட்டுவாள். மனுஷங்க அடிச்சிருப்பாங்க போல, அதான் கையைக் கண்டா பயம் என்று நாங்களே ஒரு கதை கட்டி வைத்திருந்தோம். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் உள்ளே சீழ். இரண்டு வாரம் சொட்டு மருந்து விட்டதும் அந்த "குணக்கோளாறு" போய்விட்டது. வலியில் இருக்கும் நாய்க்கு எந்தப் பயிற்சியும் ஏறாது.

நம் ஊரில் கட்டாயம் பார்க்கச் சொல்ல வேண்டியது உண்ணிக் காய்ச்சல். எர்லிகியா, பாபேசியா என்று இரண்டு வகை பரவலாக உண்டு, இரண்டும் உண்ணி கடித்து வருவது. சோர்ந்து கிடக்கும், சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போகும், தொட்டால் எரிச்சல்படும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கூடவே பூச்சி மருந்து, தோல், பல், வீட்டுக்குள் அடிக்கடி மூத்திரம் போனால் சிறுநீர்த் தொற்று, இதையெல்லாம் ஒரே தடவையில் பார்த்துவிடுங்கள். காது ஓரத்தில் சின்னதாக வெட்டு இருந்தால் கருத்தடை செய்த தெருநாய் என்று அர்த்தம், அப்போதே ஒரு ரேபிஸ் ஊசியும் போட்டிருப்பார்கள், ஆனால் அது ஆயுளுக்கும் போதாது, வருடாவருடம் போட வேண்டும். சென்னையில் மாநகராட்சி உரிமம் வாங்கவும் அந்த ஊசிச் சான்று தேவை. தனியார் கிளினிக் கட்டுப்படியாகாது என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1903இல் தொடங்கிய கல்லூரி. வரிசை நீளம், காலையிலேயே போய்விடுங்கள்.

உலகத்தைச் சின்னதாக்குங்கள்

முதல் இரண்டு வாரம் எதுவும் சாதிக்க வேண்டாம். கேட்பதற்குச் சோம்பேறித்தனமாக இருக்கும், ஆனால் நான் செய்த தவறுகளில் முக்கால்வாசி முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் செய்யப் போனதால் வந்தவை. வந்த அன்றே குளிப்பாட்டினோம். மறுநாள் நாத்தனார் குடும்பத்தோடு பார்க்க வந்தார்கள், ஆளாளுக்கு மடியில் தூக்கி போட்டோ எடுத்தார்கள். மூன்றாம் நாள் பீச்சுக்குக் கூட்டிப்போனோம். அதுவரை காப்பகத்துக் கூண்டைத் தவிர எதையும் பார்க்காத ஒரு ஜீவனை ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலக் கூட்டத்தில், பஜ்ஜிக் கடைக்கும் பலூன் சுடுகிறவருக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும்?

ஒரே அறை, ஒரே மூலை, பழைய பெட்ஷீட், பக்கத்தில் தண்ணீர். அந்த மூலைக்குள் யாரும் கை நீட்டக் கூடாது, குழந்தை உட்பட. எங்கள் ஒன்பது வயதுக்காரிக்கு இதைப் புரியவைக்கச் சாக்பீஸால் தரையில் ஒரு கோடு போட்டோம், கோட்டுக்கு அந்தப் பக்கம் சுக்கு ராஜ்ஜியம். சாப்பாடு ஒரே நேரத்தில், வெளியே போவது ஒரே வழியில். விருந்தாளி வேண்டாம். அவளாக வந்து முகர்ந்தால் முகரட்டும், நாமாகப் போய்க் கொஞ்ச வேண்டாம். கொஞ்சும்போதும் தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல், பக்கவாட்டில் உட்கார்ந்து நெஞ்சுப் பக்கம் தடவி, மூன்று எண்ணிவிட்டு நிறுத்துங்கள். இன்னும் வேண்டுமென்றால் அவளே மூக்கால் முட்டுவாள். கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்வெள்ளை தெரியப் பார்ப்பது, இதெல்லாம் போதும், விடு என்று அர்த்தம். கொட்டாவியைப் பார்த்துத் தூக்கம் வருது போல என்று மேலும் தடவியவர்கள்தான் நாங்கள்.

இந்த நாட்களில் நாய் ஓடிப்போவதும் சகஜம். நாட்டு நாய்க்குக் கழுத்துக்கும் தலைக்கும் சுற்றளவு கிட்டத்தட்ட ஒன்றுதான், பயந்து பின்வாங்கினால் சாதாரணக் கழுத்துப் பட்டை உருவிக்கொண்டு வந்துவிடும். அதனால் பட்டை ஒன்று, மார்போடு மாட்டும் ஹார்னஸ் ஒன்று, இரண்டிலும் தனித்தனிக் கயிறு. பார்க்கச் சர்க்கஸ் மாதிரி இருக்கும், வாட்ச்மேன் சிரிப்பார், சிரிக்கட்டும். போன் நம்பர் பொறித்த தகடு பட்டையில் கட்டாயம். மீறி ஓடிவிட்டால் துரத்தாதீர்கள், துரத்தினால் இன்னும் ஓடும். தரையில் குந்தி உட்கார்ந்து வேறு பக்கம் பாருங்கள், அல்லது எதிர்த்திசையில் ஓடுங்கள். கண்ணில் படாமல் போய்விட்டால் ஓடிய இடத்திலேயே நீங்கள் உடுத்திய துணியையும் வாசனையான சாப்பாட்டையும் வைத்துக் காத்திருங்கள், தெரு அடங்கிய ராத்திரியில் வர வாய்ப்பு அதிகம்.

உறுமினால் நன்றி சொல்லுங்கள்

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். ஆறாம் நாள் மதியம் அத்தை பாசத்தில் ஒரு நல்லி எலும்பைப் போட்டிருக்கிறார். சுக்கு அதைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்விட்டாள். சமைத்த எலும்பு நாய்க்கு ஆகாது, சிலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்று நான் கத்த, அத்தை அதைப் பிடுங்கக் குனிந்தார். சுக்கு அப்படியே உறைந்து, உடம்பு விறைத்து, அடித்தொண்டையில் ஒரு உறுமல். இவர், என் கணவர், செய்தித்தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தார்.

அடித்திருந்தால் உறுமுவதை நிறுத்தியிருப்பாள். அங்கேதான் ஆபத்து. உறுமல் என்பது எச்சரிக்கை மணி. மணியைக் கழற்றிவிட்டால் தீ பிடிக்காமல் இருந்துவிடாது, அடுத்த முறை சத்தமே இல்லாமல் நேராகக் கடி விழும். "எச்சரிக்கையே இல்லாம கடிச்சிட்டு" என்று சொல்லப்படும் நாய்களில் பல, எச்சரித்ததற்காக அடிவாங்கியவை.

உறுமினால் அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பின்வாங்குவது. தோற்றுவிட்டோமா என்றெல்லாம் யோசிக்க வேண்டாம். அப்புறம் நிதானமாகப் பண்டமாற்று பழக்குங்கள். அவள் சாப்பிடும்போது நான்கைந்து அடி தூரத்தில் நடந்துபோய், தட்டில் இருப்பதைவிட உசத்தியான ஒன்றை, எங்கள் வீட்டில் வேகவைத்த ஈரல், சுண்டல் அளவுக்கு நறுக்கியது, அவள் பக்கம் போட்டுவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். தினமும் நான்கைந்து தடவை. ஒரு வாரத்தில் நீங்கள் வருவதைப் பார்த்ததும் தட்டை விட்டுத் தலையைத் தூக்கி, என்ன கொண்டுவந்தாய் என்று பார்ப்பாள். அந்தத் தலைதூக்கல் வந்த பிறகுதான் ஓர் அடி கிட்டே போகலாம். விறைத்தால், வேகவேகமாக விழுங்கினால் கிட்டே போய்விட்டீர்கள் என்று பொருள், தூரத்தைக் கூட்டுங்கள். சாப்பிடும் தட்டில் கையை விட்டு விட்டு எடுத்துப் பழக்கு என்பார்கள், செய்யவே செய்யாதீர்கள். நாம் சாப்பிடும்போது ஒருவர் இலையில் கை விட்டுக்கொண்டே இருந்தால் நமக்குப் பொறுமையா வளரும்?

அத்தைக்கு மட்டும் நான் ஒரு டப்பா தனியாகக் கொடுத்தேன். ஈரல் அவர் கையிலிருந்து மட்டும்தான் வரும் என்று வைத்தோம். இன்றைக்கு இந்த வீட்டில் சுக்குவுக்கு முதல் ஆள் அவர்தான், எனக்கே பொறாமை. ஒன்று, பாசத்தில் சாம்பார் சாதம், பாயசம் என்று போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் எல்லாம் நாய்க்கு விஷம்.

இந்த இடத்தில் யாராவது ஒரு மாமா வந்து, நீதான் தலைவன்னு காட்டணும், கீழே போட்டு அமுக்கணும், நீ சாப்பிட்ட பிறகுதான் அதுக்குப் போடணும் என்பார். இந்தத் தலைவன் கதைக்கு மூலம் 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஓநாய்களை ஒரே இடத்தில் அடைத்தால் சண்டை போடத்தான் செய்யும். அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மீச் என்ற ஓநாய் ஆராய்ச்சியாளரே காட்டில் பல வருடம் பார்த்துவிட்டு 1999இல், காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் அப்பா அம்மா பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான், தலைவன் பதவிக்குச் சண்டை போடும் கூட்டம் இல்லை என்று எழுதிவிட்டார். மாமாவுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்துசேரவில்லை.

தனியாக விட முடியவில்லை

இதுதான் எங்களை ஒரு வழி பண்ணியது, அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் சலிப்பா பயமா என்று பிரித்தறியுங்கள். பழைய போன் ஒன்றை அலமாரியில் சாய்த்து வைத்து வீடியோ ஓடவிட்டு வெளியே போய் வாருங்கள். சலிப்பில் இருக்கும் நாய் கொஞ்ச நேரம் தூங்கும், எழுந்து தலையணையைக் கிழிக்கும், மறுபடி தூங்கும். அதற்கு இன்னும் கொஞ்சம் நடையும், கடித்துக் கிழிக்க ஏதாவதும் கொடுத்தால் போதும். பழைய துண்டில் பிஸ்கட்டைச் சுருட்டி முடிச்சுப் போட்டுக் கொடுங்கள், முகர்ந்து தேடும் வேலை பாதி மணி நேரம் ஓடும். சுக்கு வீடியோவில் நாங்கள் பார்த்தது வேறு. கதவு சாத்திய முதல் நிமிடத்திலேயே மூச்சிரைப்பு, எச்சில் வடிகிறது, கதவுக்கும் ஜன்னலுக்கும் நடை, ஆறாவது நிமிடம் ஊளை, பிறகு பிராண்டல். வைத்துவிட்டுப் போன ஈரல் தொடப்படாமல் கிடக்கிறது. இது பழிவாங்கல் இல்லை, பீதி. நாசமானது பெரும்பாலும் கதவைச் சுற்றி என்பதையும் கவனியுங்கள்.

திரும்பி வந்து திட்டினால் தலையைக் குனிந்து காதை மடக்கிக் குற்றவாளி மாதிரி நிற்குமே, அதைப் பார்த்துத்தான் தெரிஞ்சே செஞ்சிருக்கு என்று நினைக்கிறோம். நாய்களின் மனதை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்துப் பார்த்தார். தப்புச் செய்யாத நாயைத் திட்டினாலும் அதே முகம்தான் வந்தது. அந்த முகம் நம் கோபத்துக்கான பதில், செய்த தப்புக்கானது இல்லை.

வைத்தியம் மெதுவானது. பயப்படும் அளவுக்குத் தனியாக விடாமல், பயப்படாத அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவது. எங்கள் நோட்டில் முதல் பக்கம் இப்படித்தான் இருக்கிறது: சாவியை எடு, வை. சாவியை எடு, உட்கார். செருப்பைப் போடு, டிவி பார். கைப்பையை மாட்டிக்கொண்டு சமையலறைக்குப் போய் வெங்காயம் நறுக்கு. சாவிச் சத்தம் வந்தாலே நடுங்குகிற நாய்க்குச் சாவி என்றால் ஒன்றும் இல்லை என்று ஆகும்வரை இதேதான், நான்கு நாள் ஓடியது. அப்புறம் கதவைத் திறந்து மூடு. வெளியே போய் 2 விநாடி. 5 விநாடி. மறுபடி 3, ஏனென்றால் எப்போதும் ஏறிக்கொண்டே போனால் அதையும் அவள் கண்டுபிடித்துவிடுவாள். 20 விநாடி. படிக்கட்டில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்துக்கொண்டே, உடம்பு விறைப்பதற்கு முன்னால் உள்ளே. எதிர்வீட்டு ஆன்ட்டி நான் தினமும் படியில் உட்கார்ந்து எழுவதைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதும் பிரச்சினையாம்மா என்று மெதுவாகக் கேட்டார்.

இது நடக்கும் வாரங்களில் நிஜமாகவே தனியாக விடக் கூடாது. ஒரு நாள் இரண்டு மணி நேரம் விட்டுவிட்டால் பத்து நாள் வேலை போச்சு. எப்படி முடியும் என்பீர்கள். அத்தை கோயிலுக்குப் போகும் நேரத்தை மாற்றிக்கொண்டார், இவர் வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, நான் மதியம் கிளம்பும் ஷிப்ட், இரண்டு முறை எதிர்வீட்டு ஆன்ட்டி. கல்யாணம் காட்சிக்கு ஒருவர் மாற்றி ஒருவர்தான் போனோம். கூண்டில் பூட்டி வைத்தால் சரியாகும் என்ற யோசனையை நம்பாதீர்கள். நல்லபடியாகப் பழகிய நாய்க்குக் கூண்டு பிடித்த இடமாக இருக்கலாம், பீதியில் இருக்கிற நாய் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும்.

இவ்வளவு செய்தும் ஐந்து நிமிடத்தைத் தாண்ட முடியவில்லை என்றால் டாக்டரிடம் மருந்து பற்றிப் பேசுங்கள். ஃப்ளூவாக்ஸெடின், க்ளோமிப்ரமின் இரண்டும் நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கு உலகம் முழுக்கக் கொடுக்கப்படுகிறவை. வேலை செய்யத் தொடங்கவே சில வாரம் ஆகும், பயிற்சியை விட்டுவிட்டு மாத்திரை மட்டும் போட்டால் பிரயோஜனமில்லை, வீட்டில் யாரோ சாப்பிடும் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடும் வேலை மட்டும் கூடவே கூடாது. நாய்க்கு மாத்திரையா, பைத்தியமா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். சுக்கு ஐந்து மாதம் சாப்பிட்டாள். நிறுத்தியதும் டாக்டர் சொன்னபடி, அளவைக் குறைத்துக் குறைத்துத்தான்.

மூத்திரம், கடித்தல், மிக்ஸி

வீட்டுக்குள் மூத்திரம் போவதற்குப் பெரிய ரகசியம் இல்லை. வளர்ந்த நாயாகவே இருந்தாலும் குட்டி மாதிரி நினைத்து, தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும் வெளியே. வெளியே போனதும் அந்த இடத்திலேயே ஒரு ஈரல் துண்டு, வீட்டுக்கு வந்த பிறகு அல்ல. உள்ளே போய்விட்டால் துடைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள், மூக்கை அதில் தேய்க்கும் வழக்கம் நாய்க்குக் கற்றுக்கொடுப்பது ஒன்றே ஒன்று: நீங்கள் பார்க்காத இடத்தில் போக வேண்டும். அம்மோனியா வாடை உள்ள திரவத்தால் துடைக்காதீர்கள், அதற்கு அது இன்னொரு நாயின் மூத்திரம் மாதிரிதான். வளர்ப்புப் பிராணிக் கடைகளில் என்சைம் கலந்த திரவம் கிடைக்கிறது. கடித்துக் கிழிப்பதற்கு, கிழிக்கக் கூடாததை எட்டாமல் வைப்பதுதான் பாதி வைத்தியம். செருப்பு ஸ்டாண்டுக்குக் கதவு போட்டோம், முடிந்தது.

சத்தம் வேறு கதை. குக்கர் விசிலுக்கு எழுந்து ஓடுவாள், மிக்ஸிக்கு நடுங்குவாள். மிக்ஸியைப் பழக்கியது இப்படி: இவர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காலி ஜாரில் ஒரே ஒரு விநாடி ஓட்டுவார். நான் கடைசி அறையில், சத்தம் கேட்ட அடுத்த நொடி வாயில் ஈரல். சத்தம் முதலில், ஈரல் பிறகு, இந்த வரிசை மாறக் கூடாது. மாறினால் ஈரலைப் பார்த்தே பயப்படுவாள். ஒரு நாளைக்கு ஐந்து தடவைக்கு மேல் இல்லை. மூன்றாவது வாரம் மிக்ஸி ஓடினால் சுக்கு என் முகத்தைப் பார்த்தாள். இப்போது சட்னி அரைக்கும்போது சமையலறை வாசலில் வந்து உட்காருகிறாள், அது வேறு தொல்லை.

தீபாவளிக்கு இதெல்லாம் எடுபடாது. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்றுதான் வெடிக்க அனுமதி, தெருவில் அந்தக் கடிகாரத்தை யார் பார்க்கிறார்கள். ஒரு வாரம் முன்பிருந்தே நடையை வெளிச்சம் இருக்கும்போதே முடியுங்கள், ஜன்னல் குறைந்த உள் அறையில் ஃபேனும் டிவியும் ஓடட்டும், கட்டிலுக்கு அடியில் போனால் போகட்டும், இழுக்காதீர்கள். பயப்படும்போது அணைத்தால் பயம் கூடும் என்பது தப்பு, வந்து ஒட்டிக்கொண்டால் தாராளமாக அணையுங்கள். ரொம்ப நடுங்கும் நாய் என்றால் அன்றைக்கு மட்டும் கொடுக்கும் மருந்து உண்டு, டாக்டரிடம் பத்து நாள் முன்னதாகவே கேளுங்கள்.

தெருவில்

நம் தெருக்களில் ஒவ்வொரு முக்குக்கும் ஒரு கூட்டம் உண்டு, புதிதாக ஒரு நாய் கயிற்றில் வந்தால் அவை சும்மா விடாது. சுக்குவும் கயிற்றில் மாட்டியிருப்பதால் ஓட முடியாத பயத்தில் முதலில் பாய்ந்து குரைப்பாள். இதில் தூரம்தான் மருந்து. தெரு நாயைப் பார்த்தும் ஈரலைச் சாப்பிட முடிகிற தூரம் எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள், எங்களுக்கு இரண்டு கார் நீளம். அந்தத் தூரத்தில் நாய் தெரிந்ததும் ஈரல், நாய் மறைந்ததும் ஈரல் நிறுத்தம். கிட்டே வந்துவிட்டால் வீரம் காட்டாமல் திரும்பி நடங்கள், நிறுத்தியிருக்கும் வண்டிக்குப் பின்னால் ஒதுங்குங்கள். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் நம் பதற்றம் அப்படியே அவளுக்குப் போகும். காலை ஐந்தரை மணித் தெரு ஏழு மணித் தெருவைவிட எவ்வளவோ மேல்.

கடி விழும் நாட்களை நோட்டில் பார்த்தால் ஒன்று தெரியும். சுக்கு என் மகளின் கையில் பல் பதித்தது ஒரு சனிக்கிழமை. அன்று காலை தெருவில் சண்டை, பத்து மணிக்கு ஏசிக்காரர் டிரில்லிங், மதியம் கூரியர் மணி, சாயங்காலம் தூங்கிக்கொண்டிருந்தவளை மகள் போய்க் கட்டிப்பிடித்தாள். கட்டிப்பிடித்தது கடைசித் துளி, அவ்வளவுதான். அந்த மாதிரி நாட்களில் மாலை முழுக்க மூலையிலேயே விட்டுவிட வேண்டும்.

பல் பட்டால், கீறல்தானே என்று விடாதீர்கள், ஊசி போட்ட நாயாக இருந்தாலும் சரி. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரி. தோலுக்குள் போடும் ரேபிஸ் ஊசி என்றால் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள், ரத்தம் வந்த காயமாக இருந்தால் இம்யூனோகுளோபுலின் என்ற, உடனே பாதுகாக்கும் எதிர்ப்புரத ஊசியும் தேவைப்படும். ஒரு தவணையும் தவறக் கூடாது.

டிரெயினரும் அசோசியேஷனும்

டிரெயினர் தேடினால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நாய் சொன்னதைச் செய்யாவிட்டால் என்ன செய்வீர்கள்? எங்களிடம் வந்த முதல் ஆள் பதிலாகப் பையிலிருந்து முள் வைத்த சங்கிலியை எடுத்துக் காட்டினார். காபி கொடுத்து அனுப்பிவிட்டோம். இரண்டாவதாக வந்தவர் முக்கால் மணி நேரம் நாயைத் தொடவேயில்லை, தரையில் உட்கார்ந்து என் நோட்டைப் படித்தார். அவரைத்தான் வைத்துக்கொண்டோம். "ஒரு மாசம் எங்ககிட்ட விடுங்க, மாத்திக் கொடுத்துடறோம்" என்பவர்களிடம் பயந்த நாயை விடவே விடாதீர்கள்.

அசோசியேஷன் நாய் வைக்கக் கூடாது, லிஃப்டில் வரக் கூடாது என்றால் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதலைக் காட்டலாம், அப்படித் தடை போட முடியாது. ஆனால் சட்டம் பேசுவதற்கு முன்னால் கீழ்வீட்டுக்காரரிடம் நேரில் போய், இன்ன பிரச்சினை, இப்படி வேலை செய்துகொண்டிருக்கிறோம், மூன்று மாதம் பொறுங்கள், ஊளை கேட்டால் உடனே போன் பண்ணுங்கள் என்று சொன்னதுதான் எங்களுக்கு உதவியது. அவர் போன் பண்ணும் நேரங்களையும் நோட்டில் எழுதினேன். வீடியோ இல்லாத நாட்களுக்கு அதுதான் ஆதாரம்.

கடைசியாக ஒன்று, யாரும் பேசாதது. எல்லாம் செய்தும் முடியவில்லை, வீட்டில் கைக்குழந்தை, கடி ஆழமாகிக்கொண்டே போகிறது என்றால் காப்பகத்துக்குப் போன் செய்யுங்கள். தெருவில் இறக்கிவிடாதீர்கள், தெரியாத ஆளுக்குக் கொடுக்காதீர்கள். திருப்பிக் கொடுத்ததாலேயே மோசமான மனிதர் ஆகிவிட மாட்டீர்கள். கொடுக்கும்போது பெட்ஷீட்டைத் துவைக்காமல் அப்படியே கொடுங்கள், கூடவே அந்த நோட்டையும். எதற்குப் பயப்படுகிறது, எவ்வளவு தூரத்தில் சாப்பிடுகிறது, எத்தனை நிமிடம் தனியாக இருக்கிறது என்று அடுத்து வரும் வீட்டுக்காரர்கள் முதல் நாளே தெரிந்துகொள்ளட்டும். சுக்குவோடு எங்களுக்கு ஒரு நோட்டு வந்திருந்தால் அந்த வளைகாப்புக்கு நான் போயிருக்கவே மாட்டேன்.